ஃபேனி லூ ஹேமர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் இனப் பிரிவினையை எதிர்த்தவர்கள் என்றால் மார்ட்டின் லூதர் கிங், ரோசா பார்க்ஸ், மால்கம் எக்ஸ் ஆகியோர் நமக்கு உடனே நினைவுக்கு வருவார்கள். ஃபேனி லூ ஹேமரைத் தமிழில் அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பருத்திக் காட்டில் கூலி வேலை செய்தவர் அவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 44 வயதுவரை தனக்கு வாக்குரிமை இருக்கிறது என்பதே தெரியாமல் வாழ்ந்தவர். அடுத்த 2 ஆண்டுகளில் அமெரிக்க அதிபரையே பதற வைத்தார். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

ஃபேனி லூ ஹேமர் யார்?

1917 அக்டோபர் 6 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். ஜிம் டவுன்சென்ட், லூ எல்லா தம்பதியின் 20 பிள்ளைகளில் கடைக்குட்டி. கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர், மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியைத் தொடங்கியவர்களுள் ஒருவர், ஏழைகளுக்காகக் கூட்டுறவுப் பண்ணை அமைத்தவர். 1977 மார்ச் 14 அன்று 59 வயதில் காலமானார்.

சிறுவயதிலேயே காட்டு வேலைக்குப் போனாரா?

ஆமாம், 6 வயதில். அது நடந்த விதத்தை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். சாலையோரம் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையிடம் பண்ணையார் வண்டியை நிறுத்தி, "உனக்குப் பருத்தி எடுக்கத் தெரியுமா?" என்று கேட்டார். 30 பவுண்டு எடுத்தால் பண்ணைக் கடையில் பிஸ்கட், இனிப்பு, டின்னில் அடைத்த மத்தி மீன் எல்லாம் கிடைக்கும் என்று ஆசை காட்டினார். குழந்தை எடுத்தது, கேட்டதும் கிடைத்தது. அடுத்த வாரமே 60 பவுண்டு எடுக்கும்படி ஆனது. 13 வயதில் ஒரு நாளைக்கு 200 பவுண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பண்ணையார் தன்னை எப்படி வலையில் வீழ்த்தினார் என்பது பெரியவளான பிறகுதான் புரிந்தது என்று ஹேமர் சொல்வார். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் விந்தி நடப்பவர் அவர் என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடம் ஆண்டுக்குச் சுமார் 4 மாதம்தான். பருத்தி வேலை இல்லாத குளிர்காலத்தில் மட்டுமே கறுப்பினக் குழந்தைகளின் பள்ளி நடக்கும். படிப்பிலும் எழுத்துக் கூட்டலிலும் கெட்டிக்காரியாக இருந்த அந்தச் சிறுமி, சுமார் 12 வயதில் பள்ளியை விட்டு நின்றாள்.

குடும்பம் ஒரே ஒருமுறை தலைதூக்கப் பார்த்தது. அப்பா கொஞ்சம் பணம் சேர்த்து, கோவேறு கழுதைகளும் ஒரு பசுவும் வாங்கி, சொந்தமாகக் குத்தகைக்கு நிலம் பிடித்தார். ஓர் இரவில் யாரோ தீவனத் தொட்டியில் விஷம் கலந்தார்கள். கால்நடைகள் அத்தனையும் செத்தன. செய்தவன் ஒரு வெள்ளையன் என்று குடும்பம் அறிந்திருந்தது. அதன் பிறகு அவர்கள் எழுந்திருக்கவே இல்லை.

அம்மாவைப் பற்றியும் ஒரு செய்தி. தான் ஏன் கறுப்பாகப் பிறந்தேன் என்று மகள் வருந்தியபோது, அந்த ஏழைத் தாய் எங்கிருந்தோ ஒரு கறுப்புப் பொம்மையைக் கொண்டுவந்து கொடுத்தார். உன்னை நீ மதிக்கக் கற்றுக்கொள் என்று சொல்லிக் கொடுத்தார். ஹேமரின் பின்னாளைய நிமிர்வுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

வாரச் சாகுபடி என்கிறார்களே, அது எப்படி நடந்தது?

அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. நிலம் மட்டும் பழைய எஜமானர்களிடமே தங்கிவிட்டது. விடுதலை பெற்றவர்கள் அதே நிலத்தில் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுதார்கள். விளைச்சலில் பாதி பண்ணையாருக்கு. மீதிப் பாதியில் விதை, உரம், பண்ணைக் கடையில் கடனுக்கு வாங்கிய மாவு, துணி, மருந்து என எல்லாவற்றையும் கழித்துக்கொள்வார்கள். கணக்கு எழுதுபவரும் பண்ணையார்தான். எனவே ஆண்டு முடிவில் உழைத்தவன் கையில் பெரும்பாலும் கடன்தான் மிஞ்சும். குடியிருக்கும் குடிசையும் பண்ணைக்குச் சொந்தம் என்பதால் வேலை போனால் அன்றே தெருவில் நிற்க வேண்டும்.

1944-இல் டிராக்டர் ஓட்டுநர் பெர்ரி ஹேமரைத் திருமணம் செய்துகொண்டு, ரூல்வில் என்ற ஊருக்கு அருகிலிருந்த பண்ணையில் ஃபேனி லூ குடியேறினார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால், கூலிகளின் வேலை நேரத்தையும் பருத்தி எடையையும் குறித்துவைக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. பண்ணையின் எடைக்குண்டு கூலிகளை ஏமாற்றும் குண்டு. ஹேமர் தன்னிடம் சரியான குண்டு ஒன்றை வைத்திருந்தார். பண்ணையார் தலை தெரியாதவரை அதை வைத்து நிறுப்பார். தூரத்தில் ஆள் வருவது தெரிந்தால் மாற்றிவிடுவார். அவருடைய போராட்டம் 1962-இல் தொடங்கியதாகத்தான் பலரும் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தத் தராசிலிருந்து கணக்கெடுப்பேன்.

அவருக்குக் கருப்பை நீக்கப்பட்டது உண்மையா?

உண்மை. 1961-இல் கட்டி ஒன்றை அகற்றுவதற்காக மருத்துவமனைக்குச் சென்றார். அவரிடம் கேட்காமல், சொல்லாமல், கருப்பையையே எடுத்துவிட்டார்கள். பிறகு ஊர்ப் பேச்சு வழியாகத்தான் அவருக்குச் செய்தி எட்டியது. தென்மாநிலங்களில் ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு இது அடிக்கடி நேர்ந்தது. இதை வெளியே சொல்ல எல்லோரும் கூசிய காலத்தில் ஹேமர் பொதுமேடையிலேயே எடுத்துச் சொன்னார்.

பின்னாளில் 1971-இல் அமெரிக்கப் பெண்களின் தேசிய அரசியல் அமைப்பைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். ஆனால் கருக்கலைப்பை அவர் கடைசிவரை எதிர்த்தார். நகரத்துப் பெண்ணியத் தோழிகள் பலருக்கு இது புரியவில்லை. ஏழைப் பெண்ணின் கருப்பையில் மற்றவர்கள் கைவைப்பதை உடம்பால் அனுபவித்தவரின் நிலைப்பாடு அது.

கறுப்பினத்தவருக்கு 1870-லேயே வாக்குரிமை கிடைத்துவிட்டதே, பிறகென்ன போராட்டம்?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். 1870-இல் வந்த 15-வது சாசனத் திருத்தம், இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. மிசிசிப்பி 1890-இல் புதிய மாநிலச் சாசனம் எழுதியது. அதில் எங்கும் "கறுப்பர்" என்ற சொல் இல்லாமலேயே அவர்களை வெளியே தள்ள வழி செய்தார்கள். வாக்கு வரி கட்ட வேண்டும். மாநிலச் சாசனத்தின் பிரிவு ஒன்றுக்கு விளக்கம் சொல்ல வேண்டும். எந்தப் பிரிவைக் கேட்பது, சொன்ன விளக்கம் சரியா தவறா என்பதையெல்லாம் பதிவு அலுவலர் ஒருவரே முடிவு செய்வார். அவர் எப்போதும் வெள்ளையர். 1962-இல் இன்னொன்றையும் சேர்த்தார்கள்: விண்ணப்பித்தவர் பெயரை உள்ளூர்ப் பத்திரிகையில் 2 வாரம் வெளியிட வேண்டும். யார் வாக்குரிமை கேட்டுப் போனார் என்பது பண்ணையாருக்கும் வங்கிக்கும் வன்முறைக் கும்பலுக்கும் உடனே தெரிந்துவிடும்.

1960-களின் தொடக்கத்தில் மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பின மக்களில் 7 சதவீதம் பேர்கூடப் பட்டியலில் இல்லை. சட்டம் ஒரு பக்கம் என்றால், சோறு போடும் கை இன்னொரு பக்கம். கூலி, வீடு, கடன் எல்லாம் ஒரே ஆளின் கையில் இருக்கும்போது அவர் விரும்பாத காரியத்தைச் செய்வது எளிதல்ல. ஹேமர் வாழ்ந்த சன்ஃப்ளவர் மாவட்டத்தில்தான் இனப் பிரிவினையை ஆதரித்த செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டின் பெரும்பண்ணை இருந்தது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அதை எதிர்க்க "வெள்ளையர் குடிமக்கள் சபை" முதன்முதலில் உருவானதும் அந்த மாவட்டத் தலைநகரான இண்டியனோலாவில்தான்.

1962-இல் என்ன நடந்தது?

அந்த ஆகஸ்டில் ரூல்வில் தேவாலயம் ஒன்றில் கூட்டம். மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் வந்து, வாக்களிப்பது உங்கள் உரிமை என்றார்கள். நீதிமன்றத்துக்குப் போய்ப் பெயர் பதிய யார் தயார் என்று கேட்டபோது, தன் கையை எவ்வளவு உயரம் தூக்க முடியுமோ அவ்வளவு உயரம் தூக்கியதாக ஹேமர் பிறகு சொன்னார். பயமில்லையா என்று கேட்டவர்களுக்கு அவர் தந்த பதில்: "அவர்களால் அதிகபட்சம் என்னைக் கொல்லத்தான் முடியும். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அதைத்தானே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்."

ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் ஒரு பழைய மஞ்சள் பேருந்தில் இண்டியனோலா போனார்கள். அவருக்கு வந்தது மாநிலச் சாசனத்தின் 16-வது பிரிவு. சட்ட நுணுக்கம் நிறைந்த அந்தப் பகுதியைப் பார்த்து எழுதினார், விளக்கம் சொல்ல முடியவில்லை. யாருமே தேறவில்லை. திரும்பும் வழியில் போலீஸ் பேருந்தை மறித்தது. வண்டியின் நிறம் சரியில்லை என்று ஓட்டுநருக்கு 100 டாலர் அபராதம்! கடைசியில் 30 டாலருக்கு இறங்கி வந்தார்கள். எல்லோரும் கையிலிருந்த சில்லறையைப் போட்டுக் கட்டினார்கள். பயந்து ஒடுங்கியிருந்தவர்களுக்காக அந்தப் பேருந்தில் ஹேமர் பாட ஆரம்பித்தார். தேவாலயப் பாட்டுத்தான். எல்லோரும் கூடப் பாடினார்கள். அந்த இளைஞர்கள் தங்களுக்கு ஒரு தலைவி கிடைத்துவிட்டார் என்று கண்டுகொண்டது அன்றுதான்.

அவர் வீடு சேர்வதற்குள் செய்தி பண்ணையாரைச் சேர்ந்துவிட்டது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள், இல்லாவிட்டால் வெளியேறு என்றார். ஹேமரின் பதில் அவருடைய வாழ்க்கையிலேயே எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம்: "நான் உங்களுக்காகப் பதிவு செய்யப் போகவில்லை. எனக்காகப் போனேன்." 18 ஆண்டு வாழ்ந்த இடத்தை விட்டு அன்றிரவே கிளம்பினார். அறுவடை முடியும்வரை கணவர் அங்கேயே வேலை செய்தாக வேண்டும் என்று நிறுத்திவைத்தார்கள்.

செப்டம்பர் 10 அன்று அவருக்கு அடைக்கலம் தந்த வீட்டின்மீது 16 குண்டுகள் பாய்ந்தன. அவர் தப்பினார். சில மாதங்களில் ரூல்வில் ஊருக்கே திரும்பி வந்து மறுபடி தேர்வு எழுதினார். நான் தேறும்வரை 30 நாளுக்கு ஒருமுறை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள் என்று பதிவு அலுவலரிடம் சொல்லிவிட்டார். 1963 ஜனவரியில் தேறினார். ஆனால் அந்த ஆண்டுத் தேர்தலில் வாக்களிக்க விடவில்லை. 2 ஆண்டுகளுக்கான வாக்கு வரி ரசீது இல்லையாம்.

வினோனா சிறையில் நடந்தது என்ன?

இதைச் சுருக்கமாகவே எழுதுகிறேன். 1963 ஜூன் 9. தென் கரோலினாவில் வாக்காளர் கல்விப் பயிற்சி முடித்து ஹேமரும் தோழர்களும் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மிசிசிப்பியின் வினோனா ஊர்ப் பேருந்து நிலைய உணவகத்தில் சிலர் வெள்ளையருக்கென ஒதுக்கிய பகுதியில் அமர்ந்தார்கள். மாநிலங்களுக்கிடையே ஓடும் பேருந்துகளின் நிலையங்களில் இனப் பிரிவினை கூடாது என்ற மத்திய விதி 1961-லேயே வந்திருந்தது. சட்டப்படி அவர்கள் செய்தது சரி. போலீஸ் கைது செய்தது. பேருந்திலிருந்து இறங்கிவந்து பார்த்த ஹேமரையும் உதைத்து ஏற்றினார்கள்.

சிறையில் ஒவ்வொருவராக அடித்தார்கள். அதிகாரிகளை "ஐயா" என்று சொல்ல மறுத்ததற்காக, உடன் கைதான அனெல் பாண்டர் அடிபடும் ஓசை ஹேமரின் அறைவரை கேட்டது. பிறகு இவர் முறை. ஹேமரைக் குப்புறப் படுக்கவைத்து, இரண்டு கறுப்பினக் கைதிகளிடம் தடியைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள் அதிகாரிகள். ஒருவர் களைத்ததும் மற்றவர். சிறுநீரகம் நிரந்தரமாகப் பழுதானது. ஒரு கண்ணில் ரத்தம் கட்டியது. விந்தி நடந்த கால் மேலும் மோசமானது. ஜூன் 12 அன்று வெளியே வந்தபோது, மிசிசிப்பியின் முக்கியத் தலைவர் மெட்கர் எவர்ஸ் அன்று அதிகாலை சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி காத்திருந்தது. அடித்த அதிகாரிகள்மீது மத்திய அரசு வழக்கு நடத்தியது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி டிசம்பரில் எல்லோரையும் விடுதலை செய்தது.

அவர்களை அவர் வெறுக்கவில்லையா?

வெறுத்துக்கொண்டே கடவுளின் முகத்தைப் பார்க்கலாம் என்று நம்ப முடியாது என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து. பைபிளை வரி வரியாக அறிந்தவர், நம்பிக்கையில் ஊறியவர். அதற்காகப் பொறுத்துக்கொண்டு போகிறவர் என்று எண்ணிவிடக் கூடாது. வீட்டில் துப்பாக்கி வைத்திருந்தார், இரவில் குண்டு வீச வருபவனுக்கு என்ன நடக்கும் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். மிசிசிப்பிக் கிராமத்தில் உயிரோடு இருக்க விரும்பிய அகிம்சைப் போராளிகள் பலர் வீட்டிலும் இதே நிலைதான்.

அட்லாண்டிக் சிட்டியில் அவர் பேசியது ஏன் இவ்வளவு முக்கியம்?

மிசிசிப்பியின் ஜனநாயகக் கட்சி கறுப்பினத்தவரை உள்ளே விடவில்லை. எனவே 1964 ஏப்ரலில் எல்லோருக்கும் இடமுள்ள மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி உருவானது. அந்தக் கோடையில் வடமாநிலங்களிலிருந்து நூற்றுக்கணக்கான மாணவர்கள் மிசிசிப்பிக்கு வந்து, வாக்காளர் பதிவிலும் சுதந்திரப் பள்ளிகளிலும் வேலை செய்தார்கள். ஜூன் 21 அன்று ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 4 அன்று ஓர் அணைக்கட்டு மண்ணுக்கடியில் உடல்கள் கிடைத்தன. இத்தனைக்கும் பிறகு, புதிய கட்சியின் 68 பேர் பேருந்துகளில் நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டிக்குப் போனார்கள். அங்கே ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு. மிசிசிப்பியின் இருக்கைகள் வெள்ளையர் அணிக்கா, தங்களுக்கா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

ஆகஸ்ட் 22 அன்று பிரதிநிதிகளின் தகுதியை ஆராயும் குழுமுன் ஹேமர் பேசினார். கையில் குறிப்பு எதுவும் இல்லை. பெயர், ஊர் சொல்லித் தொடங்கி, இண்டியனோலா பயணம், பண்ணையிலிருந்து வெளியேற்றம், 16 குண்டுகள், வினோனா சிறை என நடந்ததை நடந்தபடி சொன்னார். மொத்தம் சுமார் 8 நிமிடம். கடைசியில் கேட்டார்: "கண்ணியமான மனிதர்களாக வாழ விரும்புகிறோம் என்பதற்காகத் தினமும் கொலை மிரட்டல் வந்து, தொலைபேசியை எடுத்து வைத்துவிட்டுத் தூங்க வேண்டியிருக்கும் இதுதான் அமெரிக்காவா?"

நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த அதிபர் லிண்டன் ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர் சந்திப்பைக் கூட்டினார். துணை அதிபர் வேட்பாளரை அறிவிக்கப் போகிறார் என்றெண்ணித் தொலைக்காட்சிகள் கேமராவை அங்கே திருப்பின. கென்னடி கொல்லப்பட்டு 9 மாதம் ஆகிறது என்பதுபோல் ஏதோ பேசிவிட்டுப் போனார். நோக்கம், ஹேமரின் குரல் வீடுகளுக்குள் போகக் கூடாது என்பது. ஆனால் அன்று மாலைச் செய்திகளில் தொலைக்காட்சிகள் அவருடைய பேச்சை ஒளிபரப்பின. பகலில் பார்த்திருக்கக்கூடியவர்களைவிட அதிகம் பேர் இரவில் பார்த்தார்கள்.

இருக்கை கிடைத்ததா?

இல்லை. தென்மாநில வெள்ளையர்கள் குடியரசுக் கட்சி வேட்பாளர் பேரி கோல்டுவாட்டர் பக்கம் போய்விடுவார்களோ என்ற அச்சம் ஜான்சனுக்கு. சமரசம் செய்யும் பொறுப்பை செனட்டர் ஹூபர்ட் ஹம்ப்ரியிடம் கொடுத்தார்கள். இது முடிந்தால்தான் அவருக்குத் துணை அதிபர் வாய்ப்பு. "உங்கள் பதவி 4 லட்சம் கறுப்பின மக்களின் உயிரைவிட முக்கியமா?" என்று ஹேமர் அவரிடமே கேட்டார். அடுத்த பேச்சுவார்த்தைக்கு அவரை அழைக்கவில்லை.

கட்சி மேலிடம் முன்வைத்த சமரசம் இதுதான்: மாநிலத்தின் இருக்கைகள் அல்லாமல் பொதுவில் 2 இடம், அதில் யார் உட்கார வேண்டும் என்பதையும் மேலிடமே சொல்லும். அடுத்த மாநாட்டிலிருந்து இனப் பிரிவினை செய்யும் அணிக்கு இடமில்லை என்று ஓர் உறுதிமொழி. பேயார்ட் ரஸ்டின் போன்ற அனுபவசாலிகள் இதை ஏற்கச் சொன்னார்கள். கிங்கும் அந்தப் பக்கமே சாய்ந்தார். அரசியலில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு மேலே போக வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஹேமரோ, "இந்த 2 இடத்துக்காக நாங்கள் இவ்வளவு தூரம் வரவில்லை, நாங்கள் எல்லோருமே களைத்துப் போனவர்கள்" என்றார். அணி சமரசத்தை நிராகரித்தது.

யார் சொன்னது சரி? நான் ஹேமர் பக்கம்தான். சட்டபூர்வ இருக்கை யாருக்காகக் காப்பாற்றப்பட்டதோ அந்த மிசிசிப்பி வெள்ளையர் அணியில் பெரும்பாலோர் அதையும் ஏற்காமல் வெளிநடப்புச் செய்தார்கள். நவம்பரில் மிசிசிப்பி கோல்டுவாட்டருக்கு 87 சதவீத வாக்குகளை அள்ளிக் கொடுத்தது. ஏழைகளின் நம்பிக்கையை விலையாகக் கொடுத்து வாங்கிய தெற்கு, கடைசியில் கைக்கு வரவில்லை. மறுபுறம், அந்த உறுதிமொழி 1968 சிகாகோ மாநாட்டில் பலித்தது. பிரதிநிதியாக ஹேமர் தன் இருக்கைக்கு வந்தபோது அரங்கமே எழுந்து கைதட்டியது.

ஆப்பிரிக்காவுக்குப் போனாரா?

1964 செப்டம்பரில், மாநாட்டுக் கசப்பு ஆறும் முன்பே, பாடகர் ஹாரி பெலஃபாண்டேயின் ஏற்பாட்டில் கினி நாட்டுக்குச் சென்றார். கறுப்பின விமானிகளையும் வங்கி ஊழியர்களையும் வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்த்தார். அதிபர் செக்கு டூரே இவர்கள் தங்கியிருந்த இடத்துக்குத் தானே வந்து வரவேற்றார். சொந்த நாட்டில் எத்தனையோ முறை முயன்றும் அதிபரைப் பார்க்க முடியவில்லை என்று சொல்லி ஹேமர் அழுதார். அந்த டிசம்பரில் நியூயார்க்கின் ஹார்லெமில் மால்கம் எக்ஸ் இருந்த மேடையில், "நொந்து நொந்தே நொந்துபோய்விட்டேன்" என்று பொருள்படும் தன் புகழ்பெற்ற வாசகத்தைச் சொன்னார். அவர் கல்லறையில் பொறித்திருப்பதும் அதைத்தான்.

வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகு அவர் என்ன செய்தார்?

1965 ஆகஸ்ட் 6 அன்று சட்டம் கையெழுத்தானது. எழுத்துத் தேர்வு ஒழிந்தது. மத்திய அதிகாரிகளே நேரில் வந்து பெயர்களைப் பதிந்தார்கள். 1967 வாக்கில் மிசிசிப்பியின் கறுப்பின வாக்காளர் பதிவு 60 சதவீதத்தை நெருங்கிவிட்டது. அதே 1965-இல், கறுப்பினத்தவரை விலக்கி நடந்த தேர்தலில் வென்ற மிசிசிப்பி உறுப்பினர்களைப் பதவிநீக்க வேண்டும் என்று ஹேமரும் விக்டோரியா கிரே, ஆனி டிவைன் ஆகியோரும் நாடாளுமன்றத்தில் மனுக் கொடுத்தார்கள். 228-க்கு 143 என்ற வாக்கில் மனு தோற்றது. 143 பேர் ஆதரித்தார்கள் என்பதே பெரிய செய்தி.

பலர் அவருடைய கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதற்குப் பிறகுதான் அவர் இன்னும் பெரியவராகத் தெரிகிறார்.

வாக்குச் சீட்டு கைக்கு வந்த அதே ஆண்டுகளில் வேலை போய்க்கொண்டிருந்தது. பருத்தி எடுக்கும் இயந்திரமும் களைக்கொல்லியும் வந்ததும் பண்ணைகளுக்கு ஆள் தேவைப்படவில்லை. பசியை ஆயுதமாகப் பயன்படுத்துவதும் அங்கே புதிதல்ல. 1962-இல் பக்கத்து லெஃப்ளோர் மாவட்டத்தில், வாக்காளர் பதிவு சூடுபிடித்ததும், சுமார் 22,000 ஏழைகளுக்குக் கிடைத்துவந்த மத்திய அரசின் இலவச உணவுப் பொருள்களை நிறுத்தினார்கள். 1964-இல் ஹேமர் நாடாளுமன்றத் தேர்தலுக்காக எதிர்த்து நின்ற ஜேமி விட்டன், மத்திய வேளாண் நிதியை ஒதுக்கும் துணைக்குழுவின் தலைவர். வயிறும் வாக்கும் ஒரே சங்கிலியில் கட்டப்பட்டவை என்பதை ஹேமர் வேறு எந்தத் தலைவரையும்விடத் தெளிவாகக் கண்டார்.

குளிர்காலத்துக்கு வேண்டிய கீரையும் சூப்பும் ஜாடி ஜாடியாக வீட்டில் பதப்படுத்தி வைத்திருந்தால், இதைப் பேசு, இதைச் செய் என்று உன்னை யாரும் அதட்ட முடியாது என்பது அவர் வாதம்.

பன்றி வங்கி என்பது என்ன?

டொரதி ஹைட் தலைமையிலான நீக்ரோ பெண்கள் தேசியக் கவுன்சிலின் உதவியோடு சுமார் 50 பெண் பன்றிகளும் 5 ஆண் பன்றிகளும் வாங்கினார்கள். ஒரு குடும்பம் ஒரு சினைப் பன்றியை எடுத்துக்கொள்ளும். குட்டி போட்டதும் 2 குட்டிகளை வங்கிக்குத் திருப்பிக் கொடுக்கும், மற்றவை குடும்பத்துக்கு. திருப்பிக் கொடுத்தவை அடுத்த வீடுகளுக்குப் போகும். சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு இறைச்சி கிடைத்தது.

1969-இல் 40 ஏக்கரில் சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவு தொடங்கியது. பிறகு அது 680 ஏக்கர்வரை வளர்ந்தது. ஒரு பகுதியில் உறுப்பினர்கள் சாப்பிட அவரை, பட்டாணி, வெண்டை, கீரை, சோளம், கிழங்கு. மறு பகுதியில் கடனை அடைக்கப் பருத்தியும் சோயாவும். உறுப்பினர் கட்டணம் மாதம் 1 டாலர். அதைக் கட்ட முடியாதவர்களே அதிகம், அவர்களுக்கும் காய்கறி கொடுத்தார்கள். ஏழை வெள்ளையர் குடும்பங்களுக்கும் கொடுத்தார்கள். குடியிருப்பில்லாதவர்களுக்கு வீடு கட்டவும் கூட்டுறவு உதவியது.

அந்தப் பண்ணை ஏன் நிலைக்கவில்லை?

வறட்சி, வெள்ளம், கடன். நன்கொடையை நம்பி நடந்த நிறுவனம், நன்கொடை திரட்டும் ஒரே ஆளோ ஹேமர். ஊர் ஊராகப் பேசிப் பணம் கொண்டுவந்தவரின் உடல் 1970-களின் தொடக்கத்தில் தளர்ந்துவிட்டது. 1976 வாக்கில் வரி பாக்கிக்காக நிலத்தை விற்க வேண்டிவந்தது. பண்ணையை நிர்வகிக்கத் தேர்ந்தவர்கள் போதவில்லை என்ற விமர்சனத்தில் உண்மை உண்டு. ஆனால் அமெரிக்காவின் மிக ஏழ்மையான மாவட்டங்களுள் ஒன்றில், வங்கிக் கடன் எளிதில் கிடைக்காத மக்கள் நடத்திய பண்ணை அது. ஏழெட்டு ஆண்டு நின்றதே சாதனை.

அவருடைய குடும்பம்?

பெர்ரியும் அவரும் இரண்டு பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். மூத்த மகள் 1967-இல் ரத்தப்போக்கால் இறந்தார். ஊட்டச்சத்துக் குறைவால் ஏற்கெனவே நலிந்திருந்தவர். அருகில் சிகிச்சை கிடைக்காமல், 100 மைலுக்கு மேல் தொலைவிலிருந்த மெம்ஃபிஸ் நகரத்துக்குக் காரில் கொண்டுபோகும்போது உயிர் பிரிந்தது. அவர் விட்டுச்சென்ற இரண்டு சிறுமிகளையும் பாட்டியும் தாத்தாவுமே வளர்த்தார்கள். பசியைப் பற்றி ஹேமர் மேடையில் பேசியபோது யாரை நினைத்துப் பேசினார் என்பது இதைத் தெரிந்துகொண்டால் விளங்கும்.

கடைசி நாட்கள் எப்படி இருந்தன?

வறுமையில்தான். மார்பகப் புற்றுநோய், சர்க்கரை, ரத்த அழுத்தம், வினோனா விட்டுச்சென்ற சிறுநீரகக் கோளாறு. விடுதலை பெற்ற அடிமைகள் 1887-இல் நிறுவிய மவுண்ட் பயூ ஊரின் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. ஐக்கிய நாடுகள் சபைக்கான அமெரிக்கத் தூதராக அப்போது இருந்த ஆண்ட்ரூ யங் இறுதிச் சடங்கில் உரையாற்றினார். 2025 ஜனவரியில் அதிபர் பைடன் நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கத்தை மறைவுக்குப் பிந்திய விருதாக அவருக்கு அளித்தார்.

அவர் போராடிப் பெற்ற சட்டம் இன்றும் இருக்கிறதா?

பாதி இருக்கிறது. 2006-இல் நாடாளுமன்றம் வாக்குரிமைச் சட்டத்தை 25 ஆண்டுகளுக்கு நீட்டித்தபோது, அந்த நீட்டிப்புச் சட்டத்துக்கு ஃபேனி லூ ஹேமர், ரோசா பார்க்ஸ், கொரெட்டா ஸ்காட் கிங் ஆகிய மூவரின் பெயரையும் சூட்டியது. இனப் பாகுபாட்டு வரலாறு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதல் பெற வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் உயிர்நாடி. எந்தெந்த மாநிலங்கள் என்பதைத் தீர்மானிக்கும் பிரிவை 2013-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் ரத்து செய்தது. அத்தோடு மிசிசிப்பி உள்ளிட்ட மாநிலங்களுக்கு அந்த முன்ஒப்புதல் தேவையில்லாமல் போனது.

எழுத்துத் தேர்வும் வாக்கு வரியும் திரும்பி வரவில்லை. ஆனால் சில குற்றங்களில் தண்டனை பெற்றவர்கள் வாழ்நாள் முழுவதும் வாக்களிக்க முடியாது என்று 1890 சாசனத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. கறுப்பின மக்களை மனத்தில் வைத்து எழுதிய அந்தப் பிரிவு, சில திருத்தங்களோடு மிசிசிப்பியில் இன்னும் நடப்பில் இருக்கிறது. அதை நீக்கக் கோரும் வழக்குகளும் மசோதாக்களும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன.